குதிரை அண்ணாச்சியும் வெள்ளிச் சுடர் சபையும்

நாகர்கோவிலில் பொய்யே சொல்லாத ஒரு மனிதர் இருந்தார் என்றால் சிரிப்பீர்கள். அவர் பழைய மோட்டார் சைக்கிள் விற்கும் கடையில் வேலை பார்த்தார் என்றால் பத்திரிகையையே மூடி வைத்துவிடுவீர்கள். இரண்டும் உண்மை. நான் அவரோடு ஒரே லாட்ஜில் இரண்டு வருஷம் குடியிருந்தவன்.

அவருடைய சொந்தப் பெயர் லாட்ஜில் யாருக்கும் தெரியாது. குதிரை அண்ணாச்சி என்றால்தான் தெரியும். பூதப்பாண்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், சுத்த சைவம், நெற்றி நிறையத் திருநீறு, முப்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒரு பழைய மொபெட் வைத்திருந்தார். காலையில் அதன் சீட்டை இரண்டு தட்டுத் தட்டி, ஹேண்டில்பார் பக்கம் குனிந்து ஏதோ ரகசியம் சொல்லிவிட்டுத்தான் ஏறுவார். பெயர் வந்தது அப்படித்தான்.

கடைக்கு வண்டி பார்க்க வருகிறவர்கள் வழக்கம்போல, “வண்டி எப்படி அண்ணாச்சி?” என்று கேட்பார்கள்.

“தக்கலை வரைக்கும் போவும்.”

“திரும்பி?”

“பஸ் உண்டு.”

ஒரே மாதத்தில் முதலாளி அவரைப் பின்னறைக்கு மாற்றிவிட்டார். அங்கே ஆர்.சி. புத்தகங்களைத் தவிர பேசுவதற்கு வேறு ஆள் கிடையாது.

இந்த வாய்மை பிறவிக் குணமல்ல. அதற்குக் காரணம் ஒரு புத்தகம். பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த, அட்டை கிழிந்த, தலையணை கனமுள்ள ஆங்கிலப் புத்தகம். யாரோ வெள்ளைக்காரப் பயணி விட்டுப் போனதாக இருக்கும். கதை விளையாட்டுக்கான விதிகள் அதில் இருந்தன. ஒருவர் கதை சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அந்தக் கதைக்குள் நுழைந்து, “நான் கதவை உடைக்கிறேன்” என்பார்கள். கதவு உடைந்ததா, தோள் உடைந்ததா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை முடிவு செய்யும்.

இருபது முகப் பகடைக்கு நாகர்கோவிலில் எங்கே போவது? அண்ணாச்சி ஒரு வாரம் யோசித்தார். கேரம் காய்கள் மொத்தம் பத்தொன்பது, ஸ்ட்ரைக்கரோடு இருபது. ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒரு மஞ்சள் பையில் போட்டார். கையை விட்டு எடுக்க வேண்டியதுதான். ஸ்ட்ரைக்கர் வந்தால் இருபது, எதிரி காலி.

அந்தப் புத்தகத்தில் ஒரு சபை உண்டு. ஒளித்தேவனுக்கு நேர்ந்துகொண்டு, இரும்புச் சட்டை போட்டு, குதிரை ஏறி, தீயவர்களை வெட்டித் தள்ளும் வீரத் துறவிகளின் சபை. அண்ணாச்சி அதற்கு ‘வெள்ளிச் சுடர் சபை’ என்று பெயர் வைத்தார். விதிகள் மூன்று. பொய் சொல்லக்கூடாது. உதவி என்று கேட்டவனைக் கைவிடக்கூடாது. உடன் வந்தவனை விட்டு ஓடக்கூடாது. நானும், துணிக்கடையில் வேலை பார்த்த ஷாகுலும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி முதல் ஆறு மணி வரை இந்த விதிகளைக் கடைப்பிடித்தோம். அண்ணாச்சி மற்ற நேரமும் கடைப்பிடித்தார்.

உதாரணத்துக்கு அந்தக் கோழி. வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் அவர் கையில் ஒரு கோழியைக் கொடுத்து, “ஒரு உதவி செய்யும் வே. இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடும், சாயா குடிச்சிட்டு வாறேன்” என்றிருக்கிறார். சாயா குடிக்கும்போதே அவருடைய குலசேகரம் பஸ் கிளம்பிவிட்டது. கோழியை மறந்து ஓடிப்போய் ஏறிவிட்டார். அண்ணாச்சி ஒன்பது நாள் அந்தக் கோழியை லாட்ஜ் அறையில் வைத்திருந்தார். தினமும் அதே நேரத்துக்கு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதே தூணருகே போய் நின்றார். இனயம் கடற்கரையில் பிறந்த நான் அந்தக் கோழியை எப்படிப் பார்த்தேன் என்பதை இங்கே சொல்ல வேண்டாம்.

பத்தாவது நாள் பெரியவர் வந்தார். “நீரு இன்னும் இஞ்சயா நிக்கீரு?”

“பிடிச்சுக்கிடச் சொன்னீரு. எப்ப விடணும்னு சொல்லல்லியே” என்றார் அண்ணாச்சி. கூடவே ஒரு பொட்டலத்தையும் நீட்டினார். “இதுல ஆறு முட்டை உண்டு. ஒண்ணு உடைஞ்சு போச்சு. மன்னிக்கணும்.”

விளையாட்டில் கதை சொல்பவரும் அவர்தான், சபைத் தலைவரும் அவர்தான். அப்படியும் எங்களுக்கு ஒரு அநியாயமும் நடந்ததில்லை. பையிலிருந்து கெட்ட எண் வந்தால் ஒளிக்காமல் காட்டிவிட்டு அடி வாங்கிக்கொள்வார். ஷாகுல்தான் தொந்தரவு. வாளை உருவ வேண்டிய இடத்தில் ராட்சசனிடம் பேரம் பேசுவான். ஒருமுறை, “உங்களுக்கு என்ன சைஸ் அண்ணே?” என்று கேட்டே விட்டான்.

இருள் கோட்டை என்று ஒரு பெரிய படலம் வந்தது. கோட்டைக்குப் படம் வேண்டும். அண்ணாச்சி ஒரு நாள் லீவு போட்டு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனார். ஒவ்வொரு வாசலையும் காலடியால் அளந்து, எந்தக் கதவுக்குப் பின்னால் எந்தப் படிக்கட்டு என்று எழுதி, அச்சு அசலாக ஒரு படம் வரைந்துகொண்டு வந்தார். அடியில் அடுத்த வாரத் திட்டம்:

‘ஞாயிறு மாலை மூன்று மணி. மேற்கு வாசல் வழியாக நுழைதல். காவலர் நால்வர். முதலில் பூசாரியை முடிக்க வேண்டும். பிறகு தீ வைத்தல். வெள்ளிச் சுடர் சபை வெல்க.’

இந்தத் தாள் மாடிப்படியில் விழுந்து, லாட்ஜ் மேனேஜர் கையில் கிடைத்தது. மதக் கலவரம் கண்ட எங்கள் ஜில்லாவில் சபை, பூசாரி, தீ என்ற மூன்று சொல்லும் ஒரே தாளில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேனேஜர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சரியாக மூன்றேகாலுக்கு, நாங்கள் மேற்கு வாசலை உடைத்துக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சியின் அறைக் கதவைப் போலீஸ்காரர்கள் உடைத்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் மதுரைப் பக்கத்துக்காரர். எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும். மஞ்சள் பையோடு மூன்று பேரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்தார். ரைட்டர் ஏட்டு ஒருவர் பேனாவைத் திறந்து தயாராக இருந்தார்.

“என்ன அமைப்புய்யா நீங்க?”

“வெள்ளிச் சுடர் சபை சார்” என்றார் அண்ணாச்சி.

“தலைவர் யாரு?”

“நானாக்கும்.”

“ஆயுதம் இருக்கா?”

“உண்டு சார். மூணு வாளு, ரெண்டு ஈட்டி, ஒரு கோடாலி.”

ஏட்டின் பேனா நின்றது. நான் அண்ணாச்சியின் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

“இதுவரைக்கும் யாரையாவது கொன்னுருக்கீங்களா?”

அண்ணாச்சி நேர்மையாக விரல் மடக்கி எண்ணினார். “எனக்க கணக்குல நாப்பத்தொண்ணு. ஷாகுல் பன்னிரண்டு.”

“எல்லாம் வெளாட்டுல சார்! வெளாட்டுல!” என்று ஷாகுல் அலறினான். சப்-இன்ஸ்பெக்டர் அவனை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீ எந்த ஊரு?”

“இனயம் சார். ஏ.சி. மெக்கானிக் படிக்கிறேன். குவைத் போறதுக்கு பாஸ்போர்ட்டுக்கு எழுதியிருக்கேன்.”

“குவைத்தா? உன் பேரை இதுல எழுதினேன்னா பக்கத்துல இருக்கிற கொட்டாரம்கூடப் போக முடியாதுடா.”

 அப்பா கடலில் போனபிறகு வீட்டில் அம்மையும் மூன்று தங்கைகளும்தான். மாமா ஒருவர் யார் யார் காலையோ பிடித்து எனக்கு விசா ஏற்பாடு செய்திருந்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் அவரிடம் கேட்டார். “இவனும் உங்க சபைதானா?”

நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. தொண்டையைச் செருமினார். “இல்ல சார். இவன் பக்கத்து ரூமாக்கும். மூட்டைப்பூச்சி மருந்து கேட்டு வந்தான்.”

“மருந்தா?”

“ஆமா சார். செவப்பு டப்பா. இல்ல, பச்சை. மூட்டைப்பூச்சி ரொம்ப உண்டு சார் எங்க லாட்ஜில. கடிச்சா தடிக்கும்.”

அதைவிட மோசமாகப் பொய் சொன்ன ஒரு ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. சப்-இன்ஸ்பெக்டருக்கும் புரிந்திருக்க வேண்டும். அவரை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், “அப்ப நீ ஏன்டா இங்க உக்காந்திருக்க? போ” என்றார்.

நான் போனேன். அதைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுந்து, படி இறங்கி, எதிரே இருந்த சாயாக் கடையில் போய் நின்றேன். சாயா வாங்கினேன், குடிக்கவில்லை. லாட்ஜுக்குப் போகவும் கால் வரவில்லை, ஸ்டேஷனுக்குள் போகவும் வரவில்லை. அப்படியே ஒரு மணி நேரம்.

திடீரென்று உள்ளேயிருந்து பெரிய சத்தம். நாலைந்து பேர் சேர்ந்து கத்துகிறார்கள். மேசையில் ஏதோ மோதுகிறது. அண்ணாச்சியை அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் எதையும் யோசித்ததாக நினைவில்லை. ரோட்டைக் கடந்து, படியேறி, உள்ளே ஓடி, “சார், அவரை விடுங்க! நானும் சபைதான்! எனக்க கணக்குலயும் ஒம்பது பேரு உண்டு!” என்று கத்தினேன்.

உள்ளே மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஏட்டு கையில் ஸ்ட்ரைக்கரை உயர்த்திப் பிடித்திருந்தார். மஞ்சள் பை சப்-இன்ஸ்பெக்டர் மடியில் இருந்தது. அது விளையாட்டுதான் என்று நிரூபித்துக் காட்டும்படி அவர் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்கியிருக்கிறார். அவ்வளவுதான். மேற்கு வாசலில் நின்ற காவலர் நால்வரையும் ஏட்டு ஒற்றை வெட்டில் முடித்த கூச்சல்தான் எனக்குக் கேட்டிருக்கிறது.

சப்-இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வந்துட்டியா? மூட்டைப்பூச்சி செத்துச்சா?” என்றார். பிறகு நாற்காலியைக் காலால் தள்ளினார். “உக்காரு. கத்தாத. பூசாரி அடுத்த ரூம்லதான் இருக்கான்.”

யார் பெயரையும் எழுதவில்லை. அரண்மனைப் படத்தை மட்டும் வாங்கிக் கிழித்துவிட்டு, வேறு கோட்டை வரையச் சொல்லி அனுப்பினார். அவருடைய வீரன் ஒரு சிலந்தியிடம் கடி வாங்கிச் செத்ததில் கொஞ்சம் வருத்தம்.

ஷாகுலும் நானும் கும்மாளமிட்டுக்கொண்டு லாட்ஜுக்குத் திரும்பினோம். அண்ணாச்சி மட்டும் பத்தடி பின்னாலேயே நடந்து வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறைக்குப் போனபோது, விளையாட்டில் தன் வீரனான சபைத் தலைவரின் பலமும் காயமும் குறித்து வைத்த தாளை அவர் கையில் வைத்திருந்தார். ஒரு வருஷத்துக்கு மேலாக அடித்தும் திருத்தியும் வளர்த்த வீரன். அதை நாலாகக் கிழித்தார்.

“என்ன அண்ணாச்சி இது!”

“பொய் சொன்னவன் சபையில இருக்கக் கூடாதுல்லா.”

ஷாகுலுக்குக் கோபம் வந்துவிட்டது. “மூணாவது விதியைக் காப்பாத்தத்தானே ஒண்ணாவது விதியை மீறுனீங்க?”

“ரெண்டையும் காப்பாத்த ஒரு வழி இருந்திருக்கும். எனக்க புத்திக்கு எட்டல்ல.”

நான் கேட்டேன். “இனியும் அப்படி ஒரு நேரம் வந்தா அண்ணாச்சி?”

அவர் தாள் துண்டுகளை அடுக்கினார். “இனியும் சொல்லுவேன் மக்கா. இனியும் கிழிப்பேன். உக்காரு, நேரமாச்சு.”

அன்று முதல் ஷாகுல் தலைவன். அண்ணாச்சி சபைக்குச் சமையல்காரனாகச் சேர்ந்தார். எட்டு மாதம் உலகத்தின் தீய சக்திகளையெல்லாம் நாங்கள் அவியலும் தீயலும் தின்றே தோற்கடித்தோம். ராட்சசனை வெட்டிவிட்டு வந்தாலும் ஒரு மீன் துண்டு கிடையாது.

பாஸ்போர்ட் வந்தது. கிளம்பும் நாளன்று அண்ணாச்சி மொபெட்டில் என்னை பஸ் ஸ்டாண்டில் கொண்டு விட்டார். பெட்டியை மேலே ஏற்றி, கயிற்றை இழுத்துப் பார்த்து, கண்டக்டரிடம் இரண்டு முறை, “பய முதல் தடவையா போறான், பாத்துக்கிடுங்க” என்றார். 

குவைத்தில் முதல் நாள், அறையில் பக்கத்துக் கட்டில்காரர் ஒரு மலையாளி. விளக்கை அணைப்பதற்கு முன், ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். அம்மை உண்டு, மூன்று தங்கைகள் உண்டு என்றேன். கொஞ்சம் பொறுத்து, ஒரு அண்ணனும் உண்டு என்றேன்.