சம்பந்தி போட்ட பதினான்காம் நிபந்தனை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். தாங்களும் சம்பந்தியம்மாவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். மூன்று மாதத்துக்கு முன் தாங்கள் எழுதிய கடிதமும், அதனுள் வைத்திருந்த வேலை உத்தரவும் பத்திரமாக வந்து சேர்ந்தன. பதில் எழுதத் தாமதமானதற்குப் பொறுத்தருள வேண்டும். வெளிநாட்டுச் சோலார் பேனல்களை இறக்குமதி செய்யும் பெரிய நிறுவனத்தில் தங்கள் மகளுக்கு மேலாளர் பதவி, கார், குளிரூட்டிய அறை எல்லாம் காத்திருக்க, அவள் கொட்டகையில் முப்பத்திரண்டு பேரை வைத்துக்கொண்டு சொந்தமாகப் பேனல் செய்து அவதிப்படுவது வீண் பிடிவாதம் என்று எழுதியிருந்தீர்கள். தங்கள் கருத்தே என் கருத்தும். “நான் சொன்னால் கேட்க மாட்டாள், மாமனார் சொன்னால் கேட்பாள், தக்க சமயம் பார்த்து உத்தரவைக் கொடுத்துப் பேசுங்கள்” என்றும் எழுதியிருந்தீர்கள். தக்க சமயம்தான் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை விவரமாக எழுதுவது என் கடமை.

முதலில் என் வீட்டு நிலவரம். பேனல்மேல் ஆலங்கட்டி மழை பெய்தாலும் உடையாது என்று பரிசோதனைக்கூடத்தில் நிரூபித்தால்தான் சான்றிதழ் தருவார்களாம். அதற்கு முன் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று தங்கள் மகள் எங்கள் ஃப்ரிட்ஜில் பனிக்கட்டி உருண்டை பிடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் இருபத்தைந்து மில்லிமீட்டர் குறுக்களவு இருக்க வேண்டும். முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, ஊரிலுள்ள தராசு அத்தனைக்கும் முத்திரை குத்தியவன் நான். இருபத்தாறு மில்லிமீட்டர் உருண்டையைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா? அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூறில் அறுபது தேறவில்லை. “மீன் வைக்கவும் இடமில்ல, பால் வைக்கவும் இடமில்ல, அப்பனும் மகளும் மாதிரி ரெண்டு பேரும் ஐஸோட உட்கார்ந்திருக்கீங்க” என்று என் மனைவி தினமும் பாட்டுப் பாடினாள். தங்கள் மாப்பிள்ளை கப்பலில் இருப்பதால் தப்பித்தான்.

அளவு பார்த்த பாவத்துக்கு, ஒருநாள் தொழிற்சாலையையும் வந்து பாருங்கள் மாமா என்று கூட்டிப்போனாள். போன பிறகுதான் அந்தத் தொழிலின் தலையெழுத்து எனக்குப் புரிந்தது. முழுப் பேனலாக வெளிநாட்டிலிருந்து வந்தால் வரி கிடையாது. அதே பேனலுக்கான கண்ணாடியும், ஒட்டும் தாளும், அலுமினியச் சட்டமும் தனித்தனியாக வந்தால் மூன்றுக்கும் வரி. சட்டை வாங்கினால் கேள்வி இல்லை, பொத்தான் வாங்கினால் தண்டம் என்றால் எந்தத் தையற்காரன் பிழைப்பான்? இதைக் கேட்டு ஏழு மனு எழுதினேன். கண்ணாடிப் பிரிவு என்னைத் தாள் பிரிவுக்கு அனுப்பியது, தாள் பிரிவு என்னைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பியது, அங்கே இருந்தவர் அது வேறு சட்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அரசாங்கத்தில் முப்பத்தோரு வருடம் இருந்த எனக்கே இந்தக் கதி.

அங்கே கண்ணாடியையும் தாளையும் சேர்த்துச் சூட்டில் அழுத்தி ஒட்டும் பெரிய இயந்திரம் ஒன்று இருக்கிறது. பெண்கள் எல்லோரும் அதற்கு ‘மாமனார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் பேனலுக்குக் கம்பி பற்றவைக்கும் அம்மாள்தான் துணிந்து, “சூடாக நேரமாகும் சார், சூடாயிட்டா ஆற அதவிட நேரமாகும்” என்றார். நல்ல இயந்திரம்.

இனி வெட்கத்தை விட்டு ஒன்றை எழுத வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே பரிசோதனைக்கூடம். எட்டு மாதம் காத்திருந்து எங்களுக்கு ஒரு தேதி கிடைத்தது. நான்கு பேனல் அனுப்ப வேண்டும், மாலை நான்கு மணிக்கு லாரி. தேதி தவறினால் மறுபடி எட்டு மாதம். அதுவரை கொட்டகை வாடகைக்கும் முப்பத்திரண்டு பேர் சம்பளத்துக்கும் வழி கிடையாது, மூடுவதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அன்று காலை ஒன்பது மணிக்கு நான்கு பேனலும் சுவரில் சாய்ந்து கறுகறுவென்று மின்னின. பார்த்ததும் என் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஓய்வு பெறும்போது ஒப்படைக்க மறந்துபோன பழைய முத்திரை உளியும் சுத்தியலும் என் பையில் இருந்தன (வெளியில் சொல்ல வேண்டாம்). நல்ல சரக்கைக் கண்டால் முத்திரை குத்தித்தானே பழக்கம்? யாரும் பார்க்காத நேரம், அலுமினியச் சட்டத்தின் மூலையில் ஒன்றுக்குக் குத்தினேன், இரண்டுக்குக் குத்தினேன், மூன்றுக்குக் குத்தினேன். நான்காவதில் கை கொஞ்சம் சறுக்கியது. முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் பொரிந்து வெள்ளையாகிவிட்டது. ஆனால் ஒரு துண்டுகூடக் கீழே விழவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும். அது தங்கள் மகள் ஒட்டிய ஒட்டு.

சத்தம் கேட்டு ஓடி வந்தாள். நான் சுத்தியலோடு நிற்கிறேன். பேனலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “பரவாயில்ல மாமா, கையில எதுவும் குத்தலையே?” என்று மட்டும்தான் கேட்டாள். பிறகு திரும்பி, “ஏழு மணி நேரம் இருக்கு. இன்னொண்ணு பண்ணிடலாம்” என்றாள். சம்பந்தி, நான் என் அம்மா செத்ததற்குப் பிறகு அழுதது அன்றைக்குத்தான்.

முப்பத்திரண்டு பேரும் வேறு வேலையைப் போட்டுவிட்டு ஒரே பேனலைச் சுற்றி நின்றார்கள். பதினொன்றரைக்கு அது ‘மாமனார்’ வயிற்றுக்குள் இருக்கும்போது கரண்ட் போனது. பாதிச் சூட்டில் நின்றதால் உள்ளே குமிழி கட்டி, அந்தப் பேனலும் போச்சு. கூரையில் நம் பேனலையே மாட்டி அதில் இயந்திரத்தை ஓட்டினால் என்ன என்று கேட்டேன். சான்றிதழ் இல்லாத பேனலை இணைத்தால் குற்றமாம். பக்கத்து பேக்கரிக்காரரிடம் ஓடிப்போய் ஜெனரேட்டர் கேட்டேன். “வெயில்ல கரண்ட் எடுக்கிறவங்க என்கிட்ட டீசல் கேட்டு வர்றீங்களா?” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே தள்ளியும் கொடுத்தார். மறுபடி புதிதாக ஒன்றை அடுக்கி, ஒன்றரைக்குச் சூடேற்றி, இரண்டரைக்கு வெளியே எடுத்து, சட்டம் மாட்டி, மூன்று ஐம்பதுக்கு லாரியில் ஏற்றினார்கள். என்னை மட்டும் பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார வைத்து, சுத்தியலை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

போன வாரம் சான்றிதழ் வந்தது. ஆலங்கட்டி, உப்புக்காற்று, கொதிவெயில், உறைகுளிர் எல்லாவற்றிலும் நான்கும் தேறிவிட்டன. குறிப்பு என்ற இடத்தில், “மூன்று பேனல்களின் மூலையில் இனம் தெரியாத முத்திரை காணப்படுகிறது. செயல்திறனைப் பாதிக்கவில்லை” என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

கொண்டாடி முடிப்பதற்குள் அடுத்தது. பள்ளிக்கூடக் கூரைகளுக்கெல்லாம் பேனல் வாங்க அரசாங்கம் ஒப்பந்தம் கேட்டிருக்கிறது. இருபது நாள் கெடு. விண்ணப்பத்தை நிரப்ப நான் உட்கார்ந்தேன். பதினான்காம் நிபந்தனை: “மூன்றாண்டுகள் அரசுக்குப் பேனல் வழங்கிய அனுபவம் இருத்தல் வேண்டும்.” ஆர்டர் கொடுத்தால்தான் அனுபவம் வரும், அனுபவம் வந்தால்தான் ஆர்டர் கொடுப்பார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. எந்தப் புத்திசாலி இதை எழுதினான் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி, கொள்முதல் துறைத் தலைவர் கையெழுத்து. நம் பிள்ளைகளின் நிச்சயப் பத்திரிகையில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தாங்கள் போட்ட அதே கையெழுத்து. திட்டியதை எல்லாம் இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தங்கள் மகளிடம் காட்டினேன். அவளுக்கு முன்பே தெரியும். “ஏம்மா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றேன். “அப்பா எழுதினது அப்போ சரிதான் மாமா. இங்க செய்றவங்க யாரும் இல்ல, மட்டமான சரக்கு வந்து குவிஞ்சிட்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தலைமேல அது ஏறக் கூடாதுன்னு வேலி போட்டாரு. இப்போ வேலிக்கு உள்ளயே பயிர் முளைச்சிருக்குன்னு அவருக்கு யாரும் சொல்லல” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. உங்களை விட்டுக்கொடுக்காமல் சொன்னாள்.

ஆகவே ஓர் அரசு ஊழியன் இன்னோர் அரசு ஊழியருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். போட்டவர் கைக்குத்தான் முடிச்சின் சூட்சுமம் தெரியும். பரிசோதனைக்கூடச் சான்றிதழ் பெற்ற உள்நாட்டுப் பேனலுக்கு மூன்றாண்டு அனுபவம் தேவையில்லை என்று திருத்தும்படி துறைக்குத் தங்கள் கைப்பட ஒரு கடிதம் எழுதுங்கள். என் ஏழு மனுவுக்கு இல்லாத மரியாதை தங்கள் ஒரு வரிக்கு உண்டு. அது முடியாது என்று தோன்றினால், வேலை உத்தரவின் கெடு இம்மாதக் கடைசி வரை இருக்கிறது. தாங்களே நேரில் வந்து, ஒட்டின பேனலைக் கண்ணால் பார்த்துவிட்டு, தங்கள் வாயால் அவளிடம் சொல்லுங்கள். தங்கள் முடிவுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பான விசாரிப்பு. வீட்டுப் பிள்ளைகளுக்கு என் ஆசி. நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்து உறையில் போடும் முன், மூன்று மாதமாக மறைத்து வைத்தது மனதை அறுத்ததால், வேலை உத்தரவை எடுத்துப்போய் அவளிடம் கொடுத்துவிட்டேன். சிரித்தாள். “அப்பா அப்பவே எனக்கும் ஒண்ணு அனுப்பினாரு மாமா. வந்த அன்னைக்கே வேண்டாம்னு கம்பெனிக்கு எழுதிப் போட்டுட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் வருத்தமா இருக்கும்னு சொல்லல” என்றாள். கணக்குப் பார்த்தேன். நான் கண்ணாடியை உடைத்ததற்குப் பத்து நாள் முன்பு. அன்று காலை அவளுக்குப் போக வேறு இடம் இல்லை, சம்பந்தி. அந்த நிலையில்தான் என் கையைப் பார்த்து, எதுவும் குத்தலையே என்று கேட்டாள்.