சட்டப்படி பிறக்காத செவலை

செவலையை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, சட்டப்படி அது இன்னும் பிறந்திருக்கவில்லை.

தொழுவத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. பின்னால் இரண்டு சின்னக் குளம்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதன் வயிற்றிலிருந்த கன்றின் முன்னங்கால்கள். விடிந்ததிலிருந்து அவ்வளவுதான் வந்திருந்தது. அக்கா அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"நின்னு வேடிக்கை பார்க்காதீங்க. போய் அந்த மெஷினைக் கொண்டாங்க. இதுக்குன்னுதானே வாங்கி வச்சிருக்காங்க?"

நானும் அத்தானும் கால்நடை அலுவலகத்துக்கு ஓடினோம். திரும்பிப் பார்த்தேன். செவலை வாசல் பக்கம் தலையைத் திருப்பி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறக்காத பசு எப்படிக் கன்று போடும் என்று கேட்பீர்கள். கேட்காதவர்கள் ஏதாவது அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்தக் காலைக்கு இரண்டரை வருஷம் முன்னால் எங்கள் கால்நடை அலுவலகத்துக்கு ஒரு இயந்திரம் வந்தது. ஆள் உயர இரும்புக் கம்பி. ஒரு முனையில் பிறை மாதிரி ஒரு தகடு. அது பசுவின் பின்புறத்தில் அணைந்து நிற்கும். கம்பியின் மேல் பல் பல்லாக நகரும் ஒரு பிடி, பிடியில் ஒரு சங்கிலி. கன்றின் கால்களில் சங்கிலியை மாட்டி, பசு முக்கும்போதெல்லாம் பிடியை அசைத்தால், சிக்கிக்கொண்ட கன்று மெதுவாக வெளியே வரும். நல்ல சாதனம். அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. அது வந்து சேர்ந்த இடம்தான் சரியில்லை.

அலுவலகத்தின் கண்காணிப்பாளரை ஊரில் எல்லோரும் 'ஆவன' என்றுதான் சொல்வோம். எதைக் கேட்டாலும் "ஆவன செய்யப்படும்" என்பார். மின்விசிறி ஓடவில்லை என்றாலும் அதே பதில், வீட்டில் அவர் மனைவி உப்பு இல்லை என்றாலும் அதே பதில் என்று கேள்வி. அவர் இயந்திரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே சிவப்பு நாடா கட்டி, ஓர் ஆணை பிறப்பித்தார். முதல் இழுப்பை மாண்புமிகு இயக்குநர் அவர்கள்தான் தம் திருக்கரங்களால் இழுத்துத் துவக்கி வைப்பார். அதுவரை யாரும் தொடக்கூடாது.

தொடக்கூடாத பொருளுக்கு மவுசு கூடும். ஊரே திரண்டு போய்ப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரே மாதத்தில், பசு தானாகக் கன்று போடுவது கௌரவக் குறைவாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரரின் பசு நடுப்பகலில் புல் மேய்ந்துகொண்டே கன்று போட்டது. அவர் நாலு நாள் கடை திறக்கவில்லை.

"என்னங்க, மாடு போட்டுடுச்சாமே?" என்று கேட்டதற்கு, "ஏதோ தவறிப்போய் விழுந்துடுச்சுங்க" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அந்த முதல் இழுப்புக்குத் தேர்வான பசு என் அத்தானுடையது. எப்படித் தேர்வானது என்று கேட்காதீர்கள். அத்தான் ஒரு மாதம் அலுவலகத்து வராந்தாவிலேயே குடியிருந்தார். தேர்வானதும் அவர் நடையே மாறிப்போனது. டீக்கடையில் பெஞ்சில் உட்காரமாட்டார். தனி நாற்காலி கேட்பார்.

"மாப்ள, உங்க வீட்டு மாடெல்லாம் மாடு. நம்ம வீட்டுது திட்டம்" என்பார் என்னிடம்.

விழா நாள் காலையில் இரண்டு காரியம் நடந்தது. இயக்குநர் வரவில்லை, வேறோர் ஊரில் ஒரு தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போய்விட்டார். பசு வந்தது, வந்த இடத்திலேயே, பந்தலுக்குக் கீழே, யாரையும் கேட்காமல் கன்று போட்டது. நல்ல செவலை நிறத்தில் கிடாரிக் கன்று. போட்ட வேகத்தில் எழுந்து நின்று மடி தேடியது.

ஆவன அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது பிறக்கலை" என்றார்.

"நிக்குதே சார்" என்றேன்.

"நிக்கலாம். நடக்கலாம். பால்கூடக் குடிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா இந்தக் கன்று இயந்திரத்தால் பிறக்கணும்னு மேலிடத்துக்குச் சொல்லியாச்சு. இயக்குநர் வந்து இழுக்கிற வரைக்கும் அது வயித்துலதான் இருக்கு. வெளியில இருக்கிறது அதோட தனிப்பட்ட விஷயம்."

நான் அத்தானைப் பார்த்தேன். நாலு சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் கன்றைத் தூக்கித் துண்டால் மூடிக்கொண்டார்.

"ஐயா சொல்றது சரிதான், மாப்ள. சும்மா பிறந்துடுச்சுன்னா நமக்கும் தையக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?"

இப்படித்தான் செவலை பிறக்காமல் வளர ஆரம்பித்தது.

பிறந்த மாடுகளுக்கெல்லாம் காதில் மஞ்சள் வில்லை மாட்டுவார்கள். வில்லை இருந்தால்தான் ஊசி, மருந்து, டாக்டர். செவலைக்கு வில்லை கிடையாது. மாதா மாதம் ஆவன, அத்தான் வீட்டுக்கு வந்து தாய்ப் பசுவின் வயிற்றைத் தட்டிப் பார்ப்பார்.

"வலி எப்படி இருக்கு?"

"தாங்கிக்குதுங்க" என்பார் அத்தான். பசு அசை போட்டுக்கொண்டிருக்கும். பக்கத்தில் நின்று செவலை ஆவனவின் சட்டை நுனியைச் சப்பும். அவர் அதைப் பார்க்காத மாதிரி சட்டையை மட்டும் இழுத்துக்கொள்வார்.

என் மனைவி அப்போது இருந்தாள். வம்புக்குப் போகாதவள். ஒருநாள் மட்டும் சொன்னாள்: "பிறந்தவங்களுக்கே இங்க ஒண்ணும் கிடைக்கலை. பிறக்காதது எதுக்குக் கவலைப்படணும்?"

செவலையும் கவலைப்படவில்லை. உரிய வயது வந்ததும் வேலி தாண்டிப் போய், பண்ணைக்காரரின் பெரிய சாதிக் காளையோடு உறவு வைத்துக்கொண்டது. பெரிய காளை, சின்னக் கிடாரி, முதல் கன்று. அது வந்து நின்ற இடம்தான் நான் முதலில் சொன்ன அந்தக் காலை நேரம்.

நாங்கள் மூச்சு வாங்கப் போய் நின்றபோது ஆவன புதுச் சட்டை போட்டிருந்தார். அலுவலகமே கூட்டிப் பெருக்கிக் கிடந்தது.

"சார், செவலைக்குக் கன்று சிக்கிக்கிச்சு. மெஷின் வேணும்."

"எந்தச் செவலை?"

"உங்க சட்டையைச் சப்புமே, அது."

"அது இன்னும் பிறக்கலையே. பிறக்காதது எப்படிப் பிரசவிக்கும்? தாய் பிரசவிக்கணும், அப்புறம் மகள். ஒரு வரிசை வேண்டாமா?"

"சார், மாடு செத்துடும்."

"பிறக்கிறதுக்கு முன்னாடி சாகவும் முடியாது. பயப்படாதீங்க."

அத்தான் அவர் காலில் விழப் போனார். ஆவன பதறித் தடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க நல்ல நேரம். இயக்குநர் இன்னிக்கு வர்றார். தாய்ப் பசுவைக் கூட்டிட்டு வாங்க. அவர் இழுக்கட்டும், செவலை பிறக்கட்டும். உடனே வில்லை மாட்டி மெஷினை நானே உங்க வீட்டுக்குக் கொண்டு வர்றேன். அரை மணி நேர வேலை. ஒரு விஷயம், கூட்டம் வேணும். தெருவுல ஒரு ஆள் விடாமக் கூட்டிட்டு வந்துடுங்க."

வேறு வழி தெரியவில்லை. தெருவில் எல்லாக் கதவையும் தட்டினோம். எல்லோரும் வந்தார்கள். தையல்காரர், டீக்கடைக்காரர், பண்ணைக்காரர், அவரிடம் வேலை பார்க்கும் திடகாத்திரமான ஆட்கள் எல்லோருமே. புகைப்படம் எடுப்பார்கள் என்று சொன்னதால் சிலர் வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள். அக்கா மட்டும் தொழுவத்தில் இருந்தாள்.

இயக்குநர் அரை மணி நேரத்தில் வருவார் என்றார்கள். மத்தியானம் வந்தார்.

தாய்ப் பசுவின் பின்னால் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். சங்கிலியை எதில் மாட்டுவது என்று ஒரு சிக்கல் வந்தது. ஆவன அதற்கும் ஆவன செய்திருந்தார். வைக்கோல் திணித்த ஒரு கோணிப்பை, சிவப்புத் துணி போர்த்தி, பசுவின் காலுக்கடியில். ஒரு முனையைத் தையல்காரர் பிடித்துக்கொண்டார். மறு முனை என் கையில்.

இயக்குநர் பிடியை அசைத்தார். பை நகர்ந்து வெளியே வந்தது. பசு திரும்பிப் பார்த்துவிட்டுச் சாணி போட்டது. கைதட்டல் நிற்கவே இல்லை. தட்டாதவர்களை ஆவன உற்றுப் பார்த்ததால் எல்லோரும் தட்டினோம். பையைப் பிடித்திருந்த நானும் ஒரு கையால் தொடையில் தட்டினேன்.

"இனி இந்த மண்ணில் எந்தப் பசுவும் பேற்று வலியில் தவிக்காது!" என்று இயக்குநர் பேச ஆரம்பித்தார். நெடுநேரம் பேசினார். பிறகு அத்தானின் கழுத்தில் பதக்கம் போட்டார். அத்தான் அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று இயக்குநர் மைக்கில் சொன்னார். மறுபடியும் கை தட்டினோம்.

ஆவன வாக்குத் தவறவில்லை. படம் எடுத்து முடித்ததும் இயந்திரத்தைத் தோளில் சுமந்துகொண்டு, சட்டைப் பையில் மஞ்சள் வில்லையோடு, எங்களுக்கு முன்னால் ஓடினார். ஊரே பின்னால் ஓடியது.

அக்கா தொழுவத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செவலை அசையவில்லை. கன்றின் கால்களில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அக்காவின் உள்ளங்கைகள் தோல் உரிந்து சிவந்திருந்தன.

"மூக்கு வரைக்கும் வந்துடுச்சு" என்றாள். "தனியா இழுத்தேன். இன்னும் ரெண்டு பேர் பிடிச்சிருந்தா வந்திருக்கும். தெருவெல்லாம் கத்திப் பார்த்தேன், ஒரு வீட்டுலயும் ஆள் இல்லை. எங்கய்யா போனீங்க எல்லாரும்?"

கூட்டத்திலிருந்து தையல்காரர்தான் சொன்னார்.

"கை தட்டப் போயிருந்தோம்மா."

ஆவன குனிந்து செவலையின் காதைத் துடைத்து வில்லையை மாட்டினார். பிறந்தாகிவிட்டதே. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அத்தானைத் தனியே அழைத்தார்.

"முதல் இழுப்புல பிறந்த கன்று அன்னிக்கே செத்துதுன்னு மேலிடத்துக்கு எப்படிச் சொல்றது? பிறப்பு மட்டும் இப்போதைக்கு இருக்கட்டும். இறப்பு விஷயத்துல பின்னாடி ஆவன செய்யலாம்."

அத்தான் பதக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு தலையாட்டினார்.

ஆவன ஓய்வு பெற்றுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தானும் போய்விட்டார், என் மனைவியும். இறப்புக்கு இன்றுவரை யாரும் ஆவன செய்யவில்லை. சட்டப்படி செவலை நலமாக இருக்கிறது. வருஷா வருஷம் ஊசி போட ஆள் வந்து, போட்டதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இயந்திரத்தை மறுபடியும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு விருந்தாள் வந்தாலும் கூட்டிப்போய்க் காட்டுகிறோம்.

அக்காவின் தொழுவத்தில் மாடு இல்லை. அந்தக் கயிறு மட்டும் ஆணியில் தொங்குகிறது.