தாய்மாமன் கொடுத்த கரண்ட்

கேம்பர் வேன் வாங்குகிறவன் எவனும் ஊர் சுற்றுவதற்காக வாங்குவதில்லை. நாலு பேர் பார்க்கத்தான் வாங்குகிறான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

வாடிப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய மஞ்சள் வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, சின்ன அடுப்படி, மடக்கு மேஜை எல்லாம் வைத்து, வெள்ளை பெயின்ட் அடித்தேன். வெயிலில் நின்றால் பெயின்டுக்கு அடியிலிருந்து ‘குழந்தைகள் ஏறி இறங்கும்’ என்ற எழுத்து மெல்ல மேலே வரும். லடாக் போவதாகத் திட்டம். போனது கொடைரோடு வரைக்கும். (அதுவும் ஒரு சாவு வீட்டுக்கு, துஷ்டி கேட்க.)

வேனுக்கு உயிர் ஒரு பெட்டியில் இருந்தது. பவர் ஸ்டேஷன் என்று பெயர். தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடி, பிளக் சொருக நாலைந்து துளை, நடுவில் எத்தனை சதவீதம் சார்ஜ் மிச்சம் என்று காட்டும் எண். அதை நிரப்ப வேன் கூரையில் இரண்டு சோலார் பேனல். அது போக, பாய் மாதிரி மடித்து வைத்து, வேண்டிய இடத்தில் தரையில் விரித்துக்கொள்ள இன்னும் இரண்டு. நான் வேலை பார்ப்பது ஒரு பாலிடெக்னிக்கில், எலக்ட்ரிக்கல் லேப் அசிஸ்டென்டாக. ஒரு பேட்டரியில் அளவுக்கு மேல் இழுத்தால் என்ன ஆகும் என்று வருஷா வருஷம் பையன்களுக்குச் செய்து காட்டுகிறவன். இதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், ஆனால் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த வருஷம் என் அக்கா மகன் கவினுக்கு முடியெடுத்துக் காது குத்துவதாக முடிவானது. டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டு நடுவில் இருக்கும் அவர்கள் குலசாமி கோயில். அங்கே கரண்ட் கிடையாது. போனில் சிக்னலும் கிடையாது. ஒரு மைல் நடந்து கண்மாய்க் கரைமேல் ஏறினால் ஒரு கோடு தெரியும். அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். பையன் பிறந்து நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர். காதுகுத்துக்கு லீவு கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை.

அவர் எனக்குப் போன் பண்ணினார். “மாப்ள, சீரு செய், செய்யாம இரு, அது உன் இஷ்டம். அவனுக்குக் காது குத்துறத நான் பாக்கணும். எனக்கு அம்புட்டுதான் வேணும்” என்றார்.

அதற்கென்ன மச்சான் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். கண்மாய்ப் பக்கத்து சிக்னலை இழுக்க வேன் கூரையில் ஒரு கம்பம் நட்டு ஆண்டெனா வைத்தேன், உள்ளே ரவுட்டர், பக்கவாட்டில் ஒரு டி.வி., அதன் தலைமேல் ஒரு கேமரா. முந்தின ஞாயிறே கோயிலுக்குப் போய்ச் சோதனை பண்ணிப் பார்த்தேன். மச்சான் முகம் டி.வி. நிறைய வந்தது. அவர் அந்தப் பக்கம் கோயில் மணியைப் பார்த்துக் கும்பிட்டார். டி.வி.யும் ரவுட்டரும் சேர்ந்து குடிக்கிற கரண்டுக்கு அந்தப் பெட்டி ஒரு பகல் முழுக்கத் தாங்கும். நான் சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

காதுகுத்து அன்று காலை, நூறு சதவீத சார்ஜோடு கிளம்பினோம். சமயநல்லூரில் சொந்தக்காரர்கள் டீ குடிக்க வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். எதிரில் பத்தடி தூரத்தில் டீக்கடை. நான் விடவில்லை. வேனில் இருந்த கரண்டு கெட்டிலைப் போட்டு, இருபது பேருக்கு நானே டீ போட்டேன். கெட்டிலைப் போல கரண்டைக் குடிக்கிற சாமான் வேறு கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்று, “சூரியன்லயே கொதிக்குதா மாப்ள?” என்று கேட்கும்போது எவனுக்கு அறிவு வேலை செய்யும்? டீ மட்டமாக இருந்தது. எண் அறுபத்திரண்டில் நின்றது.

கோயிலுக்கு வந்ததும் வேனைப் பெரிய புளியமரத்துக்கு அடியில் நிறுத்தினேன். மதுரைக்காரன் வண்டியை நிழலைத் தேடித்தான் நிறுத்துவான். அது யோசித்துச் செய்வதல்ல, கை தானாகத் திருப்பிவிடும். கூரை மேல் வெயிலுக்காகவே பேனல் மாட்டியிருக்கிறோம் என்பது இறங்கிய பிறகுதான் உறைத்தது. அதற்குள் பின்னால் நாலு வண்டி வந்து அடைத்துவிட்டன. போகட்டும் என்று மடக்கு பேனல் இரண்டையும் எடுத்து, நீளமான வயர் இழுத்து, மைதானத்து நடுவில் வெயிலில் விரித்தேன். சார்ஜ் ஏற ஆரம்பித்தது.

அடுத்து மைக்செட்காரர் முருகேசன் ஜெனரேட்டரோடு வந்தார். புகையும் சத்தமும் எதற்கு என்று, நம்மிடம் கரண்ட் இருக்கிறது, இதில் சொருகுங்கள் என்றேன். அவர் இரண்டு தடவை கேட்டார், “உறுதியா அண்ணே?” என்று. உறுதி என்றேன். நல்லதாகப் போயிற்று என்று அவர் ஜெனரேட்டரை அதே வண்டியில் பேரையூரில் வேறொரு விசேஷத்துக்கு அனுப்பிவிட்டார். பிறகு பெரியவர்களுக்காக இரண்டு பெரிய ஃபேன். பிறகு யார் யாருடையதோ செல்போன்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ‘இல்லை’ என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

இதுவரை செய்தது முட்டாள்தனம். இனிமேல் செய்தது வேறு.

தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கம் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். நான் கொண்டு போனது இருபத்தொரு தட்டு. பழம், லட்டு, பட்டுத்துணி, வெள்ளிக் கொலுசு, இத்யாதி. பந்தலுக்குள் ஓரமாக இருந்தன. அக்காவின் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், அந்த வழியாகப் போகும்போது, தாய்மாமன் சீரு எங்கே, கண்ணில் காணோமே என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. அதுதான் குத்தியது.

மைதானத்து நடுவில், வெயிலில், கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளவென்று என் பேனல்கள் கிடந்தன. போட்டோகிராபரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இதுமேல் தட்டு வைத்து, பின்னால் வேன் தெரிகிற மாதிரி எடுத்தால் எப்படியிருக்கும் என்று அவர் கேட்டாரா, நான் கேட்டேனா, இன்றுவரை தகராறு. வைத்தது நான். இருபத்தொரு தட்டையும் என் கையாலேயே வரிசை போட்டு, ஓர் இடம் பாக்கியில்லாமல் நிரப்பினேன். அரைமணி நேரம்தானே என்று நினைத்தேன். அத்தை வந்து பார்த்து, பரவாயில்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு என் மனசு குளிர்ந்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பதினைந்து நிமிஷம் கழித்து வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். எண் முப்பத்தெட்டு. பேனலிலிருந்து வரும் கரண்ட் சுத்தமாக நின்றிருந்தது. ஓடிப்போய் முதல் தட்டில் கை வைத்தேன். என் மனைவி கையைப் பிடித்தாள்.

“நீங்களே வச்ச சீர நீங்களே எடுப்பீகளா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சபையில் இறக்கிய சீரைப் பிள்ளையைப் பெற்றவர்கள் எடுக்கலாம், அதுவும் காது குத்தி முடிந்த பிறகு. தாய்மாமனே திரும்பத் தூக்கினால், சீரைப் பறித்துக்கொண்டான், உறவு வேண்டாம் என்கிறான் என்று அர்த்தம். போன தலைமுறையில் ஒருத்தர் கோபத்தில் அப்படித் தூக்கப்போய், இரண்டு குடும்பமும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. நான் தட்டுக்கு மேலே கையை வைத்தபடி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, ஓர் ஆப்பிளை நேராகத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். மச்சானுக்காக அந்த அவமானத்தைப் பட்டிருக்கலாம். அத்தையிடம் போய் விஷயத்தைச் சொல்லியாவது இருக்கலாம். சொன்னால் என் பெட்டியின் லட்சணம் தெரிந்துவிடுமே. ஃபேனையும் மைக்செட்டையும் பிடுங்கினாலும் அதே கதைதான்.

பத்தரை மணிக்கு நல்ல நேரம் ஆரம்பித்தது. டி.வி.யில் மச்சான் வந்தார். குவைத்தில் அப்போது காலை எட்டு மணி. ஃபோர்மேனிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் அனுமதி வாங்கியிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, ரூமில் இருக்கும் நாலு பேரையும் பின்னால் உட்கார வைத்திருந்தார். கையில் ஒரு பெட்டி லட்டு. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கவினைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். மச்சான் முகத்தை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

என் இடத்திலிருந்து வேனின் கதவு வழியாக எண் தெரிந்தது. ஒன்பது. ஆசாரி ஊசியைத் துடைத்தார். ஏழு. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு தாய்மாமன் எழுந்திருக்கக் கூடாது. மைக்செட்டை நிறுத்தச் சொல்லி முருகேசனுக்குக் கண்ணைக் காட்டினேன். பக்கத்தில் பெண்கள் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கையை ஆட்டியதைப் பார்த்துவிட்டு அவர் தலையை ஆட்டி, நாதஸ்வரத்தின் சத்தத்தை இன்னும் கூட்டினார். நாலு.

ஆசாரி வலது காதில் குத்தினார். கவின் ஒரு விநாடி சத்தமே இல்லாமல் வாயைத் திறந்தான். பிறகு வீறிட்டான். டி.வி.யில் மச்சான் கையை முன்னால் நீட்டினார், பிள்ளையைத் தூக்கப் போவது போல. அந்தக் கையோடு டி.வி. அணைந்தது. ஃபேன் நின்றது, நாதஸ்வரம் நின்றது. பெட்டி மட்டும் ‘பீப் பீப்’ என்று தன் கடமையைச் செய்தது. நேரம் போய்விடும் என்று ஆசாரி இடது காதையும் குத்தி முடித்தார்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் வேடிக்கைதான். நான் உடனே கண்மாய்க் கரைக்கு ஓடியிருக்க வேண்டும். பந்தியில் தாய்மாமனுக்கு முதல் இலை போட்டிருந்தார்கள். போன் பண்ணினால் மச்சானிடம் என்ன சொல்வது? டீ போட்டதைச் சொல்வதா, தட்டைச் சொல்வதா? சாயங்காலம் சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். அக்கா கறிக்குழம்பு வாளியோடு வந்தவள், என் இலைக்கு முன்னால் நின்றாள்.

“அவுககிட்டப் பேசிட்டியா தம்பி?”

“பேசிட்டேன்க்கா. எல்லாம் பாத்துட்டாராம்.”

அக்கா நிம்மதியாக எனக்கு இன்னொரு கரண்டி கறி வைத்தாள். நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் டி. கல்லுப்பட்டிக்குள் வண்டி நுழைந்ததும் எல்லோருடைய போனிலும் ஒரே நேரத்தில் மிஸ்டு கால் வந்து விழ ஆரம்பித்தது. எல்லாம் மச்சான். பிள்ளையின் அலறல், பிறகு இருட்டு, அதற்குப் பிறகு யாருடைய போனும் கிடைக்கவில்லை என்றால் மனுஷன் என்ன நினைப்பார்? ஊசி எங்கோ பட்டுவிட்டது, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது, மறைக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். மத்தியானத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாமல் ஏணியிலிருந்து இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாராம். அக்காவின் போனில் அவர் குரல் எனக்கே கேட்டது. “புள்ளைக்கு என்னாச்சு? உள்ளதச் சொல்லு” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா, கவினை உலுக்கி எழுப்பி, போனில் அவன் சத்தத்தைக் கேட்க வைத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மச்சான் இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தார். பையனை மடியில் வைத்து இரண்டு காதையும் தடவிப் பார்த்துவிட்டு, வலது காதைத் தொட்டு, “இந்தக் காது எனக்குத் தெரியும் மாப்ள. அந்தக் காதத்தான் இன்னைக்குப் பாக்குறேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போட்டோகிராபர் எடுத்த வீடியோ அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. அவர் இதுவரை போட்டுப் பார்க்கவில்லை.

வேனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். பெட்டி வீட்டில் கிடக்கிறது. இப்போதும் எங்கள் குடும்பத்தில் எந்த வீட்டில் கரண்ட் போனாலும், யாராவது ஒருத்தர் இருட்டில், “மாமா, தட்டத் தூக்குங்க” என்பார். ஏழு வயசுக் கவின்தான் பெரும்பாலும். எல்லோரும் சிரிப்பார்கள். மச்சான் ஊரில் இருந்தால் அவரும் சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன்.

அக்கா அதற்குச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. அவள் வீட்டில் நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம், குழம்புக் கரண்டியை என் இலைக்கு மேல் நிறுத்திக்கொண்டு, பிறர் காதில் விழாத குரலில் கேட்பாள்.

“பேசிட்டியா தம்பி?”