கயிறில்லாமல் விற்ற படகு

குன்றாண்டார்கோவில்,
ஆனி 28.

மஸ்கட்டில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை சிவபிரகாஷ் அவர்களுக்கு மாமனார் குழந்தைசாமி எழுதும் கடிதம்.

இங்கே நானும் உங்கள் அத்தை பரிமளாவும் மகள் காவ்யாவும் பேத்தி இளமதியும் கறவை மாடு இரண்டும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமாக இருப்பதை நேற்றுதான் வீடியோ காலில் பார்த்தேன். ஆனாலும் கடிதம் என்று எழுத உட்கார்ந்தால் கேட்காமல் விடக் கூடாது, ஆகவே கேட்டுக்கொள்கிறேன். ஃபோனில் சொல்லாமல் ஏன் கூரியரில் அனுப்புகிறேன் என்றால், நான் ஒரு வரி சொன்னால் பக்கத்திலிருந்து உங்கள் அத்தை மூன்று வரி திருத்துவாள். தவிர, நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர்களும் கூட இருக்கின்றன. அவற்றை முதலில் பிரிக்க வேண்டாம். கடிதத்தைக் கடைசி வரை படித்துவிட்டுப் பிரிக்கவும்.

மீமிசலில் நீங்கள் வாங்கிப் போட்ட ஃபைபர் படகை விற்றுக் கொடுங்கள் மாமா, அந்தப் பணம் வந்தால் கீரனூரில் ஹார்டுவேர் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஊரோடு வந்துவிடுவேன், இல்லாவிட்டால் ஜூலை முடிவதற்குள் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று சித்திரையில் சொன்னீர்கள். படகுத் தரகர் அழகுமலையைப் போய்ப் பாருங்கள், இரண்டு பர்சென்ட் கமிஷனில் முடித்துக் கொடுப்பார் என்றும் சொன்னீர்கள். நான்தான் கேட்கவில்லை. முப்பது வருஷமாக மாடு வாங்கி விற்கிறவன், எந்தச் சந்தையிலும் எந்தத் தரகனுக்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை, நாலு கால் இருக்கிறதையே விற்றவனுக்குக் காலே இல்லாததை விற்க முடியாதா என்று எனக்கு ஒரு மிதப்பு. அழகுமலை தானாகவே ஃபோன் போட்டு, "நான் பாத்துக்கிறேங்க, நீங்க எதுக்கு வெயில்ல அலையிறீங்க?" என்றார். "என் படகு, என் வாய், ஒங்களுக்கு எதுக்குய்யா ரெண்டு பர்சென்ட்?" என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் நானே படகுக்குப் பக்கத்தில் நின்று ஃபோட்டோ எடுக்கச் சொல்லி செல்போனில் விளம்பரம் கொடுத்தேன். முதல் நாளே பதினாறு ஃபோன். ஒருத்தர் பழைய புல்லட்டும் மேல்காசும் தருகிறேன் என்றார். ஒருத்தர் கல்யாண மண்டப வாசலில் பூ அலங்காரம் செய்து வைக்க வேண்டும், முன்பாதி மட்டும் கிடைக்குமா என்றார். ஒரு அம்மா ரொம்ப மரியாதையாக, "படகு வேணாங்க, பக்கத்துல நிக்கிற பெரியவர் கட்டியிருக்க கரை வேட்டி எந்தக் கடைல எடுத்தது?" என்று கேட்டார். சொன்னேன். பதினாறு ஃபோனில் உருப்படியாகப் பதில் சொன்னது அது ஒன்றுக்குத்தான்.

ஆனி முதல் வாரத்தில் நாகராசு என்று மீமிசல்காரர் ஒருத்தர், நல்ல தொழில்காரர், நேரில் பார்க்க வாங்க என்றார். பஸ் மாறி பஸ் மாறி அறந்தாங்கி வழியாகப் போய்ச் சேர்ந்தேன். படகைத் தட்டிப் பார்த்து, குனிந்து பார்த்து, "எதுக்குங்க விக்கிறீங்க?" என்றார். எனக்குப் பொய் சொல்ல வராது என்று உங்களுக்குத் தெரியும். "இதுல தொழில் பாத்த ரெண்டு பேருமே தொழிலை விட்டுட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க தம்பி" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "அடியில ஒட்டுப் போட்டிருக்கா?" என்றார். "எனக்குத் தெரிஞ்சு ஒரு ஒட்டு, தெரியாம எத்தனை இருக்கோ" என்றேன். விட்டுவிடப் போகிறாரே என்று பதறி, "ஆனா சாதுவான படகு தம்பி, புது ஆளைக் கண்டா மிரளாது, சின்னப்புள்ளைகூடப் புடிச்சிட்டுப் போகலாம்" என்று சேர்த்துச் சொன்னேன். ஓட்டிப் பார்க்கிறேன் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். அறந்தாங்கியில் தின்ற நாலு பூரியும் கடலோடு போயிற்று. அந்த மனுஷன் என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டதால்தான் இந்தக் கடிதம் உங்களுக்கு வருகிறது.

இத்தனைக்கும் பிறகு, விலை படிந்தது மாப்பிள்ளை! கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் படகைக் கட்டிவிட்டு, வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸையும் என் கையில் கொடுத்துவிட்டு, "டீ சொல்லிட்டு வாரேங்க" என்று நாகராசு கடைப்பக்கம் போனார். இங்கேதான் நான் செய்தது சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள். நம்ம பக்கம் மாடு விற்றால் மாட்டைத்தான் கொடுப்போமே தவிர கயிற்றைக் கொடுப்போமா? கயிற்றோடு கொடுத்தால் வீட்டு லட்சுமியும் சேர்ந்து போய்விடும், வாங்குகிறவன்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். என் அப்பா செய்தார், நானும் செய்கிறேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, சுற்றி, பைக்குள் வைத்துக்கொண்டு, கரையேறிப் போய் நிம்மதியாக டீ குடித்தேன். வடையும் நன்றாக இருந்தது.

திரும்பிப் பார்த்தால் படகைக் காணோம். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய், தூரத்தில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. "யோவ் பெரியவரே, கயிறு எங்கய்யா?" என்று நாகராசு கத்தினார். "பைக்குள்ள பத்திரமா இருக்கு" என்றேன். அதற்கு அவர் சொன்னதைக் கடிதத்தில் எழுத முடியாது.

கரையே கூடிவிட்டது. யாரோ சொல்லி அழகுமலை வந்தார். உடனே இரண்டு பேரை இன்னொரு படகில் அனுப்பி, ஒன்றரை மணி நேரத்தில் நம் படகை இழுத்து வரச் செய்தார். டீசல் காசுகூட வாங்கவில்லை. என்னை ஓரமாக அழைத்துப் போய், "பெரியவரே, படகு விக்கிறதுக்கா எனக்குக் கமிஷன் தர்றாங்க? விக்கிறவரு வாயையும் கையையும் கட்டி வைக்கிறதுக்குய்யா தர்றாங்க" என்றார். நாகராசு அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வித்த அன்றைக்கே ஓடிய படகு வீட்டுக்கு ஆகாது என்று அவர் ஆத்தா சொல்லிவிட்டார்களாம். அதோடு, மீமிசலில் தொடங்கி அங்கிட்டு இங்கிட்டு எல்லா ஊரிலும் அதற்கு 'ஓடுகாலிப் படகு' என்று பேர் விழுந்துவிட்டது. அப்புறம் யார் வாங்குவார்?

வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். உங்கள் அத்தை சிரித்தாள். காவ்யா சிரிக்கவில்லை. "கமிஷனை நல்லா மிச்சம் புடிங்கப்பா. அவரு அங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

விடிந்ததும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அழகுமலை வீட்டுக்குப் போனேன். தரகர் என்றால் சும்மா இல்லை மாப்பிள்ளை! பத்தே நாளில் பார்ட்டி ரெடி. நல்ல குடும்பம், சொந்தத் தோட்டம் துரவு உள்ளவர், நாம் கேட்ட விலைக்கு ஒரு பேச்சு குறைத்துப் பேசவில்லை. பணம் நேற்றே உங்கள் கணக்கில் ஏறிவிட்டது. கம்பெனிப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். நாங்கள் அனுப்பியிருக்கிற பேப்பரில் மட்டும் போடுங்கள். நீங்கள் கடை வைத்தபிறகு எதை விற்றாலும் வாங்கினாலும் நடுவில் ஒரு தரகர் இருக்கட்டும், இது நான் பட்டுச் சொல்வது.

குன்றாண்டார் கோவில் சாமி உங்களைப் பத்திரமாக ஊர் சேர்க்கட்டும். அத்தை உங்களுக்காக மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். பேத்தி முத்தம் கொடுக்கச் சொன்னாள், கூரியரில் போகாதாம்.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன்,
மாமனார் குழந்தைசாமி.

பின்குறிப்பு: பேப்பரைப் பிரித்ததும் வாங்குபவர் பெயரைப் பார்த்துவிட்டு நீங்கள் ஃபோன் போடுவீர்கள், அத்தை எடுத்துவிடுவாள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பார்ட்டி நான்தான். 'ஓடுகாலி' என்கிற பேர் மறைய தை மாசம் ஆகும், அதுவரைக்கும் ஒருத்தனும் தொட மாட்டான் என்று அழகுமலை கையை விரித்துவிட்டார். தை வரைக்கும் நீங்கள் காத்திருக்க முடியாது, காவ்யாவை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேட்டுக்காட்டுத் தைலமரத்தை நிற்கிற மேனிக்கே வியாபாரிக்குக் கொடுத்தேன். மரம் போனது அத்தைக்குத் தெரியும், படகு வந்தது தெரியாது. விற்கிறவர் பக்கம் ஒன்று, வாங்குகிறவர் பக்கம் ஒன்று என்று அழகுமலை இரண்டு கமிஷனையும் என்னிடமே வாங்கிக்கொண்டார், முறை அதுதானாம். இதைக் கடன் என்றும் நினைக்காதீர்கள், தானம் என்றும் நினைக்காதீர்கள். எனக்கு ஒரு படகு வேண்டியிருந்தது, வாங்கினேன், அவ்வளவுதான். சீக்கிரம் டிக்கெட் போட்டு வாங்க மாப்பிள்ளை. எனக்கு நீச்சல் தெரியாது.