கரகர அண்ணனின் பிளக்குகள்

கோல சிலாங்கூர் மாவட்டத்திலேயே, தான் வீட்டுக்கு வருவதை வானொலியில் அறிவித்துவிட்டு வருகிற ஒரே மனிதர் எங்கள் கரகர அண்ணன்தான். அமைச்சருக்குக்கூட அந்த வசதி கிடையாது. புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வரிசையின் முனையில் அவருடைய பழைய கார் திரும்பினால் போதும், அத்தனை வீட்டு வானொலியும் கரகரவென்று இரையத் தொடங்கிவிடும். ஒருமுறை கால்பந்து வர்ணனையில் பந்து வலைக்குள் போனதா, வெளியே போனதா என்பதை மறுநாள் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவரை நான் திட்டாத திட்டில்லை.

கார் அவரைவிடக் கொஞ்சம்தான் இளையது. அதற்கு நவீன வைத்தியம் செய்வதாகச் சொல்லி, பொறியை முடுக்கிவிடும் பழைய பாயிண்ட்டைக் கழற்றிவிட்டு மின்னணுப் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார். என்ஜினுக்குள் பொறி போடும் பிளக் மட்டும் பழைய வகை. அது பொறி தெறிக்கும்போதெல்லாம் நாலாபக்கமும் மின் இரைச்சலைக் கிளப்பும். அதில் வானொலி கரகரக்கும். சில சமயம் அந்தப் பெட்டியும் குழம்பிப்போய் நடுரோட்டில் என்ஜினை நிறுத்திவிடும்.

பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார். "அண்ணே, ஆர் எழுத்துப் போட்ட பிளக் மாத்துலா. உள்ளுக்குள்ள தடை இருக்கு. ரேடியோவும் கத்தாது, காரும் நிக்காது."

"அது ஊமைப் பிளக்கு. எனக்கு வேணாம்" என்பார் அண்ணன். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

ஸ்டெல்லா அக்காள் அவருடைய மனைவி. இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோயால் கண்பார்வை போய்விட்டது. ஒரு நாள் அக்காளை மருத்துவமனைக்கு அழைத்துப் போகையில் துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன். இரண்டு பக்கமும் செம்பனை, உச்சி வெயில், கார் நின்றுவிட்டது. அக்காளுக்கு வியர்த்துக் கொட்டியது, நாக்குக் குழறியது. சர்க்கரை இறங்கிவிட்டதென்று பையில் இருந்த மிட்டாயை அவர் வாயில் போட்டேன். கொஞ்சம் தெளிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது, கூடவே கோபமும்.

"அக்காவுக்கு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது? ஒரு பிளக்க மாத்துறதுல என்ன வீம்பு அண்ணே?"

அவர் பானெட்டுக்குள் தலையை விட்டபடி நின்றார். பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது.

"அவர ஏசாத தம்பி. மாத்த வேணாம்னு சொன்னதே நான்தான். சாயங்காலம் சிற்றலையில ஜெபம் கேப்பேன். ரேடியோ கரகரன்னா, இவரு முனைக்கு வந்துட்டாருன்னு தெரியும். அப்பத்தான் போன உசுரு திரும்பி வரும்."

"போன் பண்ணச் சொல்லலாமே அக்கா?"

"போன் அடிச்சாலே நடுக்கம்பா. செரண்டாவுல வேல முடிஞ்சு மோட்டார்ல வந்த எம்மவன் அடிபட்டுச் செத்த சேதிய போன்லதான் சொன்னாங்க."

நான் லோரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தப் போனேன்.

மறுநாள் அண்ணன் ஒரு சட்டம் போட்டார். அக்காள் காரில் இருந்தால் ஆர் பிளக், வீட்டில் இருந்தால் பழைய பிளக். மருத்துவமனைக்குக் கிளம்பும்முன் என்ஜினின் நாலு பிளக்கையும் மாற்றுவார். திரும்பி வந்து அக்காளைக் கட்டிலில் உட்கார வைத்ததும், சுட்ட விரலை ஊதிக்கொண்டே மறுபடி நாலையும் மாற்றுவார். "பிளக்குக்கு யூனிஃபார்ம் மாத்துற ஆளு ஒலகத்துலேயே இவருதான்லா" என்று தவுக்கே தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அக்காளை ஏற்றிக்கொண்ட கார் ஒரு நாளும் வழியில் நின்றதில்லை.

போன மழைக்காலத்தில் அக்காள் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, சாயங்காலம் என் வானொலி கரகரத்தது. எழுந்து போனேன். அண்ணன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் ஆர் பிளக்குகளோடு நின்றிருந்தார்.

"இனிமே இதையே போட்டுக்கலாமே அண்ணே."

"போடலாம்தான்" என்றார். "ஆனா அவ இப்ப காருக்குள்ள இருக்காளா, வீட்டுல இருக்காளான்னு தெரியலையே தம்பி."

அவர் பிளக்குகளைத் துணியில் சுற்றிக் காருக்குள் வைத்துவிட்டு பானெட்டை மூடினார்.

இப்போது சாயங்காலமானால் என் வானொலியைச் சிற்றலையில் வைத்துவிடுகிறேன். எந்த நிகழ்ச்சியும் கேட்பதற்காக இல்லை. அது கரகரத்ததும் எழுந்து போய், அவருக்கும் சேர்த்துப் பால் விடாத தே ஓ கலக்குகிறேன். கொஞ்சம் தாமதமானால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.