நூறு வாங்கி எட்டு வந்த கதை

கடைசியாக அவர் தன் மனைவியை உயிரோடு பார்த்தபோது அவர் காதில் போன் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தா. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் தலையைத் திருப்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், ஒரு நிமிஷம் இரு என்று. இன்டர்நெட் கேபிள் கம்பெனியின் புகார் எண்ணில் நாற்பது நிமிஷமாகக் காத்திருந்தார். அப்போதுதான் "நீங்கள் வரிசையில் மூன்றாவதாக இருக்கிறீர்கள்" என்று ஒரு குரல் வந்திருந்தது. கதவு மூடியது. குரல் மறுபடி வந்தது. நான்காவது என்றது.

அவர் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கிராம்'. முப்பத்தோரு வருஷம் தராசு தராசாகத் தட்டிப் பார்த்தவருக்கு, ஓய்வுக்குப் பிறகு அளக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதுதான் சுவரில் ஒரு பெட்டியை மாட்டி வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. வேகம் நூறு என்றார்கள். போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் முள் ஏறி நின்று வேகம் காட்டும். முள்ளைக் கண்டதும் கிராமுக்கு உயிர் வந்தது. தினமும் சாயங்காலம் ஏழு மணி அடித்ததும் அளப்பார். நோட்டில் எழுதுவார். எட்டு. ஒன்பது. மறுபடி எட்டு.

"பாத்தியா? நூறுன்னு சொல்லிட்டு எட்டு குடுக்கறான்! கிலோவுக்கு எண்பது கிராம் போட்டவனை நான் ஜெயிலுக்கு அனுப்பியிருக்கேன்" என்றார் மனைவியிடம்.

"அனுப்பினீங்க. அவன் திரும்பி வந்து ரெண்டு மாடிக் கடை வெச்சிட்டான்."

"நான் அடுத்த கம்பெனிக்கு மாறப் போறேன்."

"மாறுங்க. அவன் ஒயர் தெருமுனைக் கம்பத்தோட நிக்குது. கட்டிடத்தைத் தூக்கிட்டுப் போய் அங்க வைக்கணும், அவ்வளவுதான்."

அது உண்மை. ஊரில் இருந்தது ரெண்டே கம்பெனி. அண்ணன் தம்பி பாகம் பிரித்த மாதிரி தெருக்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "அது எங்க ஏரியா இல்ல சார்" என்று அடுத்தவன் போனை வைத்துவிட்டான்.

"அப்ப செல்போன்லயே பாத்துக்கலாம்."

"சிக்னல் தண்ணித் தொட்டி மேல ஏறினாத்தான் வருது. உங்க முட்டி ஏணி ஏறுமா? சும்மா இருங்க. எட்டு நமக்குப் போதும்."

"போதுமா? இது கொள்கைப் பிரச்சனை!"

"அதான் முட்டி வலிக்குது. கொள்கையைத் தூக்கிட்டே நிக்கறீங்க."

பதினேழு புகாருக்குப் பிறகு கம்பெனி ஆள் ஒருவன் மீட்டரோடு வந்தான். ஏழு மணிக்குத்தான் அளக்க வேண்டும் என்று கிராம் அவனை உட்கார வைத்தார். மனைவி தீப்பெட்டி இரவல் வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்வந்தாள்.

மீட்டர் தொண்ணூற்றெட்டு காட்டியது.

"நல்லாத்தானே சார் வருது?"

"டேய், இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு மட்டும் நல்ல எடைக்கல்லை எடுத்து வைக்கற வித்தையை என்கிட்டயே காட்டறியா?"

"கேளுங்க, நல்லாக் கேளுங்க" என்றாள் மனைவி. "இவர் பாக்காத திருடனா?"

அவன் புகாரை மூடிவிட்டுப் போனான். மறுநாள் எட்டு.

"இனி இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்தப் பெட்டி இருக்கணும்!"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அவள்.

அவள் போய்ப் பத்தொன்பது நாள் ஆனபோது அவர் எழுந்து பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். மணி ஏழு. மறுநாள் காலையில் பெட்டியையும் நோட்டுகளையும் கம்பெனி மேஜைமேல் விட்டெறிந்து, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாகத் திட்டம். அந்த நாலு வார்த்தைக்காகத்தான் அவர் சாப்பிட்டு, தூங்கி, எழுந்துகொண்டிருந்தார்.

கதவு தட்டப்பட்டது. மாடி வீட்டு நர்ஸ்.

"சார், நெட் போயிடுச்சா? நாளைக்கு எனக்குப் பரீட்சை."

"எங்க வீட்டு நெட் போனா உனக்கு என்னம்மா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் பின்னால் கீழ்வீட்டுப் பள்ளிக்கூடத்துப் பெண், நோட்டோடு. அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுத் தையல்காரி. புருஷன் கடல் தாண்டி வேலைக்குப் போனவள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா" என்றாள் தையல்காரி. "நாங்களும் லைன் கேட்டு எழுதிக் குடுத்தோம் ஐயா. கம்பத்துப் பெட்டியில இடம் இல்ல, காத்திருங்கன்னாங்க. இன்னும் காத்திருக்கோம். உங்க வீட்டு அக்காதான், ஒரு வீட்டுக்கு எதுக்குடி நூறுன்னு பாஸ்வேர்டு குடுத்தாங்க. ஏழு மணிக்கு எங்க வீட்டுக்காரர் வீடியோ கால்ல பேசுவார்."

"அந்தக் கம்பெனி ஆள் வந்த அன்னைக்கு?"

"அரைமணி நேரம் அணைச்சு வைங்கன்னு அக்கா வந்து சொன்னாங்க."

கிராம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரில் ஒரு தராசு விடாமல் பார்த்தவர், தன் வீட்டைப் பார்க்காமல் விட்டிருந்தார். ரெண்டு நோட்டிலும் ஒரு எண்கூடத் தப்பில்லை. ஆனால் திருட வேண்டியதையெல்லாம் திருடும் அந்தக் கம்பெனி, இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காக அளந்து கொடுத்திருந்தது. திட்டக்கூட இனி ஆள் இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்க பெட்டியைப் பிடுங்குவீங்கன்னு அக்காவுக்குத் தெரியும்" என்றாள் நர்ஸ். "ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்போ சொன்னாங்க. பிடுங்கினா மூணு பேரும் போய் நில்லுங்க, கெஞ்ச வேண்டாம், சும்மா நில்லுங்க, கத்திட்டு மாட்டிடுவார்னு."

அவர் கத்தினார். கம்பெனியை, கம்பத்தை, தெருவைப் பாகம் பிரித்தவர்களை. மூன்று பேரும் சும்மா நின்றார்கள். பிறகு உள்ளே போய் ஒயரை மாட்டினார்.

அந்த லைனில் இன்றைக்கும் மூன்று வீடு பார்க்கிறது. அவரும் போய்விட்ட நாலாவது வீட்டில் பெட்டி மட்டும் இருக்கிறது.