ஒரே ஒரு சாமான்தான் பாக்கி

கார் ஓட்டுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கார் வாங்க ஏங்குகிறவர்களையும் தெரியும். நான் சொல்ல வந்தது மூன்றாவது இனம்: வீட்டில் கார் நிற்க, டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள். இவர்கள் கஞ்சர்கள் அல்ல. இவர்களுடைய கார் ‘வேலையில்’ இருக்கிறது. எத்தனை வருஷமாக என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் அன்றைய சாயங்காலம் உங்களுடையது அல்ல.

பழைய காரைப் புதுப்பிக்கிறவர் என்று இந்த இனத்துக்குப் பெயர் வைக்கலாம்தான். ஆனால் புதுப்பித்து முடித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லையே? எப்போது கேட்டாலும் தொண்ணூறு சதவீதம் முடிந்திருக்கும். ஒரே ஒரு சாமான்தான் பாக்கி. அது கோயம்புத்தூரில் ஒருவரிடம் இருக்கும். அவர் வெளியூர் போயிருப்பார். அவர் திரும்பி, சாமானைப் பார்சலில் அனுப்பி, அது பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கி, அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்து மாட்டப் போகும்போது, மாட்ட வேண்டிய இடம் கழன்று கையோடு வந்துவிடும். அவ்வளவுதான், மறுபடியும் ஒரே ஒரு சாமான்தான் பாக்கி.

எங்கள் பக்கத்திலிருந்து மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன், சங்கிலிமுத்து. இரண்டாயிரமாவது வருஷம் விருதுநகரில் ஒரு காயலான் கடைக்குப் பழைய தகரம் வாங்கப் போனவர், அங்கே தராசில் ஏறக் காத்திருந்த ஒரு காரைப் பார்த்துவிட்டார். சீமையில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, கூரை கிடையாது, இரண்டே இரண்டு சீட்டு. ஒரு சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டு, காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து ஷெட்டில் நிறுத்தினார். அவர் மனைவி அய்யம்மாள் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது ஓடுமா என்று கேட்டார். தீவாளி கழியட்டும் என்றார் சங்கிலிமுத்து.

எந்தத் தீவாளி என்று அவர் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் இது ஒரு வசதி. தீவாளிக்கு முன்னால் சீசன், மூச்சுவிட நேரமில்லை. தீவாளி கழிந்ததும் மழை, நனைந்த இரும்பில் கை வைக்கக் கூடாது. மழை விட்டால் பொங்கல். பொங்கல் முடிந்தால் புது ஆர்டர். ஆர்டர் எடுத்ததும் வெயில், வெயிலில் பெயிண்ட் பொரிந்துவிடும். வெயில் இறங்கினால் மறுபடியும் சீசன். வருஷத்தில் வேலை செய்ய ஏற்ற நாள் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் மனிதர் ஒரு நாள்கூட ஷெட்டுக்குப் போகாமல் இருந்ததும் கிடையாது.

உள்ளே என்ன செய்வார்? எல்லாம் செய்வார், துருவை எடுப்பதைத் தவிர. இருபத்தைந்து வருஷம் மருந்தறைகளைக் கட்டி மேய்த்த மனிதர். பொறி என்று ஒன்று எங்கே பிறக்கும் என்று பார்த்துப் பார்த்து அதைப் பிறக்கவிடாமல் செய்வதற்காகவே சம்பளம் வாங்கியவர். கம்பெனிச் சட்டம் அத்தனையும் ஷெட்டுக்கு வந்துவிட்டது. செருப்பை வெளியே கழற்ற வேண்டும். வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலிருக்கும் கரெண்ட்டை மண்ணுக்கு அனுப்பிவிட்டுத்தான் காலை உள்ளே வைக்க வேண்டும். தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாம் வெளியே. இரும்பை இரும்பால் தட்டக் கூடாது. துருப்பிடித்த போல்ட்டை மரச் சுத்தியலால் தட்டுவார். சுத்தியல் பிளக்கும், போல்ட் அப்படியே இருக்கும். நாலு பேருக்கு மேல் உள்ளே விடமாட்டார். எட்டுப் பேர் தூக்க வேண்டிய எஞ்சினை நாலு பேர் தூக்கியதில், நாலு பேரும் ஒரு மாதம் குனியாமல் நடந்தார்கள்.

நெருப்புப் பட வேண்டிய வேலை எதுவும் அங்கே ஆகாது என்பதால் கதவு, மட்கார்டு, பானட் ஒவ்வொன்றும் லோடு வேனில் விருதுநகர் பட்டறைக்குப் போய், துரு நீங்கி, ஒட்டுப்போட்டுத் திரும்பி வந்தன. வந்ததும் வர்ணம். சிவப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மிளகாய் வத்தல் சிவப்பு. குண்டு வத்தலா நீட்டு வத்தலா என்பதில் ஒன்றரை வருஷம் போயிற்று. இரண்டிலும் ஒரு கை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெயிண்ட் கடைக்கும் வீட்டுக்கும் அலைந்தார். போகிற பஸ்ஸிலெல்லாம் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் தும்மினார்கள்.

விருந்தாளி வந்தால் கேட்கவே வேண்டாம். உறவுக்காரர் சீனிவாசகம் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். வெற்றிலைத் தட்டை வைப்பதற்குள் அவர் கையில் ஒரு கனத்த இரும்புத் துண்டைக் கொடுத்து, எடையைப் பாருங்கள், இப்போது எவன் இப்படிச் செய்கிறான் என்று கேட்டார் சங்கிலிமுத்து. இந்த இனத்தார் எல்லோரும் இதைச் செய்வார்கள். நீங்கள் ‘அடேயப்பா’ என்று சொல்லும்வரை அந்தத் துண்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார்கள். சீனிவாசகத்துக்கு இந்த விவரம் தெரியாது. காப்பி ஆறிப்போன பிறகுதான் சொன்னார். பத்திரிகையின் மேல் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஐந்து விரல்கள் பதிந்திருந்தன.

ஆறு வருஷம் அய்யம்மாள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். இரண்டாயிரத்து ஆறில் அவருக்கே ஓர் ஆர்டர் கிடைத்தது. மகளிர் குழுவில் பட்டாசுப் பெட்டி ஒட்டித் தரும் வேலை. அட்டை நனையாமல் இருக்க ஒரு கூரை வேண்டும். விஜயதசமியன்று வேலையைத் தொடங்காவிட்டால் ஆர்டர் அடுத்த தெரு முருகம்மாள் வீட்டுக்குப் போய்விடும். ஷெட்டை விட்டால் தெருவில் வேறு தோதான கூரை இல்லை. அய்யம்மாள் சத்தம் போடவில்லை. சோறு போட்டுக்கொண்டே சொன்னார்.

“ஆயுத பூசைக்கு உங்க காரு தானா வெளிய வரணும். வரலைன்னா சாயங்காலம் காயலான் கடைக்காரரு வருவாரு. நான் சொல்லிவிட்டுட்டேன்.”

சங்கிலிமுத்து பயந்துவிட்டார், நிஜமாகவே. மறுநாளே லாரி மெக்கானிக் பெத்தணனைக் கூட்டி வந்தார். பெத்தணன் செருப்பைக் கழற்றி, தகட்டைத் தொட்டு, தீப்பெட்டியை வெளியே வைத்து, உள்ளே போய், பிரேக்கைச் சரிபார்த்தார், பெட்ரோல் வரும் வழியைச் சுத்தம் செய்தார். பூஜைக்கு முதல் நாள்வரைக்கும் வேலை ஓடியது. எல்லாம் சரி. சாவியைத் திருப்பினால் மட்டும் எஞ்சின் இருமிவிட்டு ஓய்ந்தது. பிளக்கில் பொறி இல்லை. எஞ்சினில் பாயிண்ட் என்று இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் தொட்டுத் தொட்டு விலகினால்தான் பிளக்கில் பொறி வரும். அவை கறுத்துக் கிடந்தன. உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் போதும் என்றார் பெத்தணன்.

உரசுகிற சாமான் எதுவும் ஷெட்டுக்குள் வரக் கூடாது என்றார் சங்கிலிமுத்து. உரசினால் பொறி வருமாம்.

பெத்தணன் அவரை உற்றுப் பார்த்தார். “பொறி வரணும்னுதான அண்ணாச்சி இம்புட்டுப் பாடும்?”

சங்கிலிமுத்து துணியால் துடைத்துப் பாருங்கள் என்றார். துடைத்தார்கள். எஞ்சின் மறுபடியும் இருமியது.

ஆயுத பூஜை வந்தது. காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை, முன்னால் இரண்டு வாழைக்கன்று, நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். சூடத்தை மட்டும் இருபதடி தள்ளித் தெருவில் கொளுத்தச் சொன்னார். எந்தச் சாமிக்குக் காட்டுகிறோம் என்று அந்தத் தூரத்தில் யாருக்கும் விளங்கவில்லை. பூசணிக்காய் உடைத்தாயிற்று. குழுப் பெண்கள் அட்டைக் கட்டுகளோடு வந்து நின்றார்கள். சங்கிலிமுத்து சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இருமல். மறுபடியும் இருமல். ஏழாவது தடவைக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

அய்யம்மாளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் தீப்பெட்டி ஆபீசில் இருந்தவர். சூடம் கொளுத்திய தீப்பெட்டியை எடுத்தார். குச்சிகளையெல்லாம் தெருவிலேயே கொட்டினார். பெட்டியைப் பிரித்து, மருந்து தடவிய சொரசொரப்பான பட்டையை மட்டும் கிழித்துக்கொண்டார். செம்புத் தகட்டைத் தொட்டார். உள்ளே வந்தார். குச்சி இல்லாத பட்டையால் ஒன்றும் ஆகாது என்பது போர்மேனுக்குத் தெரியாதா? தெரியும். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். எது என்று அங்கே நின்ற பெத்தணனைக் கேட்டு, அய்யம்மாள் பாயிண்டில் நாலு இழுப்பு இழுத்தார். பெத்தணன் தூசியைத் துடைத்தார். சாவி திரும்பியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

எலுமிச்சம்பழங்கள் நசுங்க, கார் தெருவுக்கு வந்தது. அட்டைக் கட்டுகள் ஷெட்டுக்குள் போயின. அய்யம்மாள் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கோழிக்கு அப்புறம் அதில் உட்கார்ந்தது அவர்தான். ஊர் முக்குவரைக்கும் போனார்கள். அங்கே ரோடு பிரிகிறது, ஒன்று சிவகாசிக்கு, ஒன்று சாத்தூருக்கு. சங்கிலிமுத்து நிறுத்தினார். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“எங்கன போறோம்?” என்றார் அய்யம்மாள்.

சங்கிலிமுத்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். காரின் ஒவ்வொரு நட்டும் எந்த மத்தாப்புப் பெட்டியில் கிடந்தது என்று அவருக்குத் தெரியும். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. எஞ்சினில் ஏதோ ஒரு சத்தம் கேட்கிறது என்றார். திருப்பிக் கொண்டுபோய் இறக்கிப் பார்த்துவிட்டால் நல்லது என்றார்.

“ஆறு வருசமா இதக் கட்டி அழுதீகளே, ஒரு நாளாச்சும் எங்கிட்டுப் போவோம்னு நெனச்சதே இல்லையா?”

“இல்ல, அய்யம்மா.”

அய்யம்மாளுக்குக் கோபம் வந்தது, வருத்தமாகவும் இருந்தது, கடைசியில் சிரிப்பும் வந்துவிட்டது. “அப்ப நான் சொல்றேன். விருதுநகருக்கு விடுங்க. எண்ணெய்ப் பரோட்டா திங்கணும்.”

போனார்கள். சங்கிலிமுத்து பரோட்டாவைப் பிய்த்தாரே தவிர, அவருடைய காது முழுக்க வெளியே நின்ற காரின் மேல்தான் இருந்தது என்று அய்யம்மாள் சொல்கிறார். ஆனாலும் வழியெல்லாம் அவர் பாட்டு முணுமுணுத்ததாகவும் சொல்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் ஷெட்டில் கார் இல்லை, எனக்குத் தெரியும். ஷெட்டே இல்லை. ஆனால் பரண்மேல் துணி போர்த்திய ஆர்மோனியமோ, நாலு அத்தியாயத்தில் நிற்கிற நாவலோ, வானம் தோண்டி அஸ்திவாரத்தோடு விட்ட வீடோ ஏதோ ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாராவது விசாரித்தால் உங்கள் முகம் மலர்ந்துவிடுகிறது. வீட்டிலிருப்பவர் விசாரித்தால் மட்டும் எரிச்சல் வருகிறது. அதை எப்போது முடிப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டிலிருக்கும் அவர் உங்கள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து எங்கன போறோம் என்று கேட்டால் எந்த ஊரைச் சொல்வீர்கள்? கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே யோசித்து வையுங்கள்.